கேரியர் இல்லாத சைக்கிள்

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

தினமும் அம்பத்தூரிலிருந்து வெள்ளானூர் வரை சைக்கிள் மிதித்துப் பழகுகிறீர்களாம். "மாமா நம்ப தெரு முனையாண்ட வந்து திரும்பிகினு போறாரு அக்கா, மூஞ்சி வாடிப்போய் கீது" என்கிறாள் தங்கை. பந்தயத்துக்குப் பழக வேறு ரோடே இல்லையா?

தூரத்தைக் கூட்டினால் ஓய்வையும் கூட்டவேண்டும் என்று சைக்கிள் கடை சாதுல்லா பாய் சொன்னாரே, மறந்துவிட்டீர்களா? படுத்துத் தூங்கும்போதுதான் காலுக்கு வலு ஏறுமாம்.

பந்தயத்துக்குப் பாரம் என்று, நான் உட்காரும் கேரியரைக் கழற்றிப் போட்டீர்கள். அந்தக் கோபத்தில்தான் அம்மா வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பழக வேண்டாம். மெதுவாக இங்கே வந்து, சாப்பிட்டுத் தூங்குங்கள். எண்ணெய் காய்ச்சிக் கால் பிடித்துவிடுகிறேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பலாம். வரும்போது கேரியரை மாட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாரம்