பிரஷர் நோட்டில் எழுதாதது

அப்பா,

இன்று காலை உன் பேத்தி ஸ்கூல் ஷூவின் ஒட்டுப்பட்டையை டர்ரென்று பிரித்தாள். அடுப்படியில் நின்ற நான் கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். உன் பிரஷர் மிஷின் பட்டைக்கும் இதே சத்தம்தான்.

நாற்பது வருஷம் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தவன் நீ. அல்சைமர் வந்து என் பெயரே மறந்துபோன பிறகும் அளவெடுப்பது மட்டும் உனக்கு மறக்கவில்லை. பட்டையை எடுத்தாலே பிடுங்கி என் கையில் சுற்றி, "பன்னெண்டரை. சதை போட்டுட்டியேமா" என்பாய். நானும் சிரித்துக்கொண்டே அதை மெல்ல உன் கைக்கு மாற்றுவேன். காற்று ஏறி இறுகியதும் ரகளை ஆரம்பிக்கும். "டைட்டா இருக்குதுமா! பிரி, பிரி, தையல பிரி!"

டாக்டரோ தினமும் பார்த்து நோட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தார். குழந்தையைக் கிளப்ப வேண்டும், செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எனக்குப் பொறுமை எப்போதுமே கொஞ்சம்தான், உனக்கே தெரியும். உன் மணிக்கட்டை நாற்காலியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். நூற்றெண்பது, நூற்றுத் தொண்ணூறு என்று காட்டியது. அப்படியே எழுதினேன்.

"அமைதியா உக்காந்திருக்கும்போதுதானேமா எடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். பெற்ற அப்பனை அமுக்கிப் பிடித்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? வெட்கமாக இருந்தது. "ஆமா சார்" என்றேன். அவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார்.

நாலாம் நாள், நாற்காலியை விட்டு எழுந்தவன் தலைசுற்றி அப்படியே விழுந்தாய். இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் நீ அயர்ந்து தூங்கும்போது நர்ஸ் பிரஷர் பார்த்தார். நூறுகூட இல்லை. அன்றைக்குத்தான் நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மாத்திரையை நிறுத்தினார்கள். நீ மறுபடி எழுந்து நிற்கவே இல்லை.

போவதற்கு இரண்டு நாள் முன்பு, கட்டிலருகே இருந்த என்னை வேறு யாரோ என்று நினைத்து, கிட்டக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னாய். "ஒரு பொம்பள தெனம் வந்து கைய அமுக்கிக்கினு இருக்குதுமா. வலிக்குது. என் பொண்ணு வந்தா சொல்லிடு. அவ சும்மா உட மாட்டா."

"சரிப்பா, சொல்லிடறேன்" என்றேன். நீயும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் புகார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அப்பா. அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?