முள் இறங்காத ரோல்

அக். 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவது போல் வந்து ஏமாற்றியது. கம்பெனி பஸ் படப்பையில் கால் மணி நேரம் லேட்.

இன்று முதல் ட்ரையல் ரூம். ஒன்பது வருடம் பிலிம் சுற்றும் வைண்டிங் மெஷினில் நின்றவளுக்கு உட்கார நாற்காலி!

வேலை இதுதான். தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக், மெல்லிய பிலிமாக. ஒரு சாண் அகலத்தில் நான் சுற்றிய ரோல். அதை இரும்பு உருளைக்குள் வைத்து மூடி, சோடாவில் அடைக்கிற கேஸை அழுத்தத்தில் ஏற்ற வேண்டும். பிலிம் கேஸைக் குடிக்குமாம். (பிளாஸ்டிக் குடிக்குமா! சிரித்துவிட்டேன்.) இரண்டு நாள் கழித்துக் கேஸைத் திறந்துவிட்டு, பிலிமை வெந்நீருக்குள் விட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டைகள். வெள்ளையாகிவிடும். விளக்குப் பெட்டிக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வைப்பார்களாம்.

நித்யா மேடம் ஏற்கெனவே கேஸ் ஏற்றி வைத்த ஒரு துண்டை வெந்நீரில் போட்டுக் காட்டினார். கண்ணாடியாக உள்ளே போனது அப்பளம் போல வெளுத்து உப்பியது. இன்னொன்று, இன்னொன்று என்று மூன்று துண்டு போட வைத்தேன். மேடம் இன்ஜினியர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் ரோலைத் தட்டிப் பார்த்து, "சூப்பர்க்கா, கல்லு மாதிரி இருக்கு" என்றார். இருக்காதா பின்னே? என் ரோலில் இதுவரை ஒரு சுருக்கம் விழுந்ததில்லை.

மதிய ஷிஃப்டுக்கு ஏழுமலை அண்ணன் (இனி ஏ. அ., கை வலிக்கிறது). வால்வு அவர் பொறுப்பு. அழுத்தம் காட்டும் முள்ளை 50-ல் நிறுத்திப் பூட்டினார். "இன்னாமா, குக்கர் மாதிரி கீது. விசில் வராதா?"

வாங்க: துணி சோப்பு, பாப்பாவுக்கு வெள்ளை சாக்ஸ்.

அக். 7, செவ்வாய்

விசேஷம் இல்லை. கேன்டீனில் உப்புமா, உப்பில்லாமல். இரண்டு மணிக்குக் கிளம்பும்போது ஏ. அ., "விமலா, ஒரு நிமிஷம்" என்றார். பஸ் போய்விடும் என்று ஓடினேன். சாக்ஸ் மறந்தேன்.

அக். 8, புதன்

தூறல். ரோலை எடுத்து வெந்நீரில் விட்டோம். அய்யோ.

வெளிச்சுற்று நாலைந்து வெள்ளை. அதற்குள்ளே எல்லாம் கண்ணாடி. இரண்டு ஓரத்திலும் மட்டும் இரண்டு விரல் அகலம் வெள்ளை, கரை போட்ட துணி மாதிரி.

மேடம் முகம் செத்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்குள் ஒரு நல்ல ரோல் காட்டாவிட்டால் உருளை வேறு பிளான்ட்டுக்குப் போய்விடும். நான் பழையபடி வைண்டிங். "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டார்.

வாய் சும்மா இருந்ததா? "மத்தியான ஷிஃப்ட்ல யாராவது கேஸைத் திறந்து விட்டிருப்பாங்க மேடம்" என்றேன். யாராவது என்றால் யார்? அந்த ரூமில் மதியம் இருப்பது ஒரே ஆள்.

ஏ. அ. வந்ததும் விசாரணை. "வால்வு மேல கையே வெக்கல மேடம். சத்தியமா." மேடம் நம்பவில்லை. நாளையிலிருந்து அவர் லோடிங்கில் மூட்டை தூக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர், இடுப்புக்கு பெல்ட் போடுகிறவர்.

நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும். வேறு எப்படி ஆகும்?

அக். 9, வியாழன்

நேற்று இரவு நல்ல மழை. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பாய் நனைந்துவிட்டது. நான் சுருட்டி இறுக்கிக் கட்டி வைத்தது. காய வைக்கலாம் என்று பிரித்தால், வெளிச்சுற்று ஈரம், ஓரங்களில் இரண்டு விரல் ஈரம், நடுவில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர்: "பாயில இன்னா கீது, அப்டி பாக்கற?"

கேஸை முன்னாலேயே திறந்திருந்தால் வெளிச்சுற்றுதானே முதலில் இழந்திருக்கும்? அது வெள்ளையாக இருந்ததே. உள்ளேதானே கேஸ் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

அக். 10, வெள்ளி

ட்ரையல் ரூம் லாக் புக்கை இன்றுதான் திறந்தேன். ஆடிட்டுக்காக எழுதுவது என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமைப் பக்கம், ஏ. அ. கையெழுத்து:

4 மணி, முள் 50. 6 மணி, 50. 8 மணி, 49. பிலிம் குடிச்சா முள் எறங்கணும்னு மேடம் சொன்னாங்க. அவ்வளவா எறங்கல. ரோல் ரொம்ப இறுக்கம் போல. விமலாவக் கேக்கணும்.

செவ்வாய்ப் பக்கத்திலும் அதேதான். அந்த 'ஒரு நிமிஷம்' இதற்குத்தான்.

புது ரோல் சுற்றினேன். சுற்றுக்குச் சுற்று நடுவே கேஸ் நுழைகிற மாதிரி ஏதாவது வேண்டும். தேடினேன். முதலுதவிப் பெட்டியில் பேண்டேஜ் துணி, அதே ஒரு சாண் அகலம்! பதினொரு சுருள். பிலிம், துணி, பிலிம், துணி. தளரச் சுற்றுவது எவ்வளவு கஷ்டம்! கை தானாக இறுக்கப் பார்க்கிறது.

மேடமே முள்ளை 50-ல் நிறுத்தி வால்வைப் பூட்டினார். புது மாதிரி சுற்றியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இது வெள்ளையாகிவிட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. என்னைப் பாராட்டக்கூடச் செய்வார்கள். எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பு.

அக். 11, சனி

சேஃப்டி சார் வந்து குதித்தார். "பதினோரு பேண்டேஜ் காலி! யாருக்கு அடி? மறைக்கிறீங்களா? 'விபத்தில்லா நாள்' போர்டை ஜீரோ ஆக்கவா?" லைன் முழுக்க வேடிக்கை பார்த்தது. மேடமும் வந்துவிட்டார்.

"யாருக்கும் அடி இல்ல சார். ரோலுக்குச் சுத்தினேன்."

"ரோலுக்கா?"

சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும். "என் சுத்து இறுக்கம். கேஸ் உள்ள போகல. ஏழுமலை அண்ணன் மேல தப்பே இல்ல. அவரு எழுதி வெச்சிருக்காரு, நான் படிக்கல. படிக்காமலே பழி போட்டுட்டேன்." மெமோ ஒன்று கிடைத்தது, கையெழுத்துப் போட்டேன். மேடம் லாக் புக்கை எடுத்து நின்றபடியே படித்தார்.

2 மணி. பஸ்ஸை விட்டுவிட்டேன். மேடம் ஆள் அனுப்பி ஏ. அ.வை வரவழைத்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். முள் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். முள் 45.

அப்புறம், "லாக் புக்கு இன்னா, பொட்டு வெச்சு பூஜை போடவா? படிக்கத்தாம்மா எழுதறது" என்றார்.

ஷேர் ஆட்டோவில் வீடு. வழியெல்லாம் அழுகை. பக்கத்து சீட் பெண் தண்ணீர் பாட்டில் நீட்டினாள்.

அக். 12, ஞாயிறு

வல்லக்கோட்டை. கூட்டம். ரோலைப் பற்றி முருகனிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்க வெட்கம். சாக்ஸ் வாங்கியாயிற்று.

அக். 13, திங்கள்

காலை 6.05. மேடம் வெந்நீரோடு தயார். "திறக்கலாமாக்கா?" சனிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

முதலில் லாக் புக்கைத் திறந்தேன், ஏ. அ. கையெழுத்து. ஞாயிறு, ஓவர்டைம், மாலை 5: முள் 43. இன்னும் கொஞ்சம் குடிக்கிது. அவசரப்பட்டுத் தொறக்காத, விமலா.

"ரெண்டு மணிக்கு அண்ணன் வரட்டும் மேடம்" என்றேன். எட்டு மணி நேரம். இவ்வளவு நீளமான ஷிஃப்ட் பார்த்ததே இல்லை.

2.20. அவர் கேஸைத் திறந்துவிட்டார். நான் துணியை உருவி உருவி, பிலிமை வெந்நீருக்குள் விட்டேன். வெள்ளை. ஓரம் வெள்ளை, நடுவும் வெள்ளை. அட்டைக் குழாய் தெரியும்வரை வெள்ளை. மேடம் கைதட்டிக் குதித்தார்.

ஏ. அ. கைதட்டவில்லை. லாக் புக்கைத் திறந்து பேனாவை என்னிடம் நீட்டினார். "இன்னிக்கு நீ எழுது. நான் படிக்கிறேன்."