நடுச்சுவர் தாண்டி வந்த குண்டான்

அக்கா,

காலையிலிருந்து உங்கள் பித்தளைக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். புளியும் பித்தளையும் கலந்த வாடை விரலை விட்டுப் போகவில்லை. நீங்கள் போய் ஒரு பொங்கல் கழிந்துவிட்டது. இந்த வாடை வந்தால் மட்டும் எனக்கு இப்போது இருக்கிற காரைக்கால் வீடு மறந்து, நெடுங்காட்டுக் கொல்லையும் நடுச்சுவரும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். அண்ணனும் தம்பியும் வாய்க்கால் ஓரத்து வயலுக்காக அடித்துக்கொண்டு, வீட்டுக்கு நடுவே சுவர் வைத்தார்கள். கூடவே நம் இரண்டு பேர் வாய்க்கும் பூட்டுப் போட்டார்கள். உங்கள் பிறந்த வீட்டுச் சீரான இந்தக் குண்டான் எங்கள் பக்கம் மாட்டிக்கொண்டது. கேட்க உங்களுக்கு ரோஷம், கொடுக்க எனக்கு வீம்பு.

எழுபதுகளின் தொடக்கம் அது. சின்னவள் பிறந்த பிறகு எனக்குத் தூக்கம் போனது. குழந்தை மடியில் அழுதாலும் அடுத்த ஊரில் அழுவது போலக் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. இவர் மாலையானால் சாராயக் கடை. இரண்டாவதும் பெண்ணா என்று வருகிறவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். என்ன காரணம், என்ன காரணம் என்று பிற்பாடு எத்தனையோ பேர் துருவினார்கள். காரணம் ஒன்றே ஒன்று என்றால் நானே அதை ஒரு கை பார்த்திருப்பேனே. நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று என் புத்தியே என்னிடம் பொய் சொன்னது. நானும் நம்பினேன்.

அதற்கப்புறம் ஒரு அமைதி வந்தது. கல்யாணப் புடவையை நாத்தனாருக்குக் கொடுத்தேன். இரவல் வாங்கியதையெல்லாம் வீடு வீடாகத் திருப்பினேன். "புள்ளைக்குத் தெளிஞ்சிடுச்சு" என்று மாமியார் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டார். கடைசியில் குண்டானைப் பளபளவென்று விளக்கி நடுச்சுவரில் வைத்தேன்.

நம் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் தருவார்கள். உங்கள் வீட்டுக்காரர் கத்தியது சுவர் தாண்டிக் கேட்டது.

"வெறும் பாத்திரமா வச்சிருக்கா பாரு. மூஞ்சில வீசாத கொறதான்."

"கோவமா இருக்கறவ புளி போட்டு வெளக்கியா வைப்பா?" என்றீர்கள். "இது கோவம் இல்லங்க. அவ எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு இருக்கா."

கொஞ்ச நேரத்தில் அதே குண்டானில் சோறும் பருப்புமாகத் தெருவாசல் வழியே வந்தீர்கள். அடிபம்பில் தண்ணீர் பிடித்த பெண்கள் குடத்தை மறந்து பார்த்தார்கள்.

"கூப்புடாம எதுக்கு வந்தே?" என்று மாமியார் மறித்தார்.

"நல்லதுக்குத்தான் கூப்புடணும், கெட்டதுக்குக் கூப்புடாமயே வரணும். எழவு வீட்டுக்குச் சோறு கொண்டாந்திருக்கேன்."

"அடிப் பாவி, யாருடி செத்தா இங்க?"

"இன்னும் யாரும் சாவல அத்தை. அதான் இப்பவே வந்தேன். செத்தப்பறம் பகையெல்லாம் மறந்துட்டு வந்து கட்டிப்புடிச்சு அழுவோம்ல, அந்த அழுகை யாருக்கு வேணும்?"

சோற்றைப் பிசைந்து என் கையில் உருட்டி வைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாடி?"

அதுவரை ஒருத்தரும் என்னை அதைக் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

"வெளக்கு வைக்கிற வீட்டுல என்ன பேச்சு இது? கேட்டுக் கேட்டு ஞாபகப்படுத்தாத" என்று மாமியார் பதறினார்.

"அது அவ ஞாபகத்துல இருக்கு அத்தை. நமக்குத்தான் இல்லாமப் போச்சு."

பிள்ளைகளை நினைத்துப் பார் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் நினைத்துப் பார்க்காமலா இருந்தேன்? "சொல்லிட்டேல்ல, இனிமே இது ஒனக்கு மட்டும் தெரிஞ்சதில்ல" என்றீர்கள். வருஷக்கணக்கில் எங்கள் வாசல் மிதிக்காத உங்கள் வீட்டுக்காரர் உள்ளே வந்து, வயலுக்கு அடிக்கிற மருந்தையெல்லாம் எடுத்துப்போய் உங்கள் பக்கத்தில் பூட்டினார். சாவி உங்கள் இடுப்பில் ஏறியது. அன்று என் பக்கத்தில்தான் பாய் விரித்தீர்கள்.

மறுநாள் காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், எங்கே கிளம்பினீர்கள் என்று நம்மூர்க்காரி ஒருத்தி கிசுகிசுத்தாள். "இவளுக்கு மனசுக்கு மருந்து வாங்கப் போறோம். ஒனக்கும் வேணும்னா எறங்கி வா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாகியிருந்தது.

ஒரே நாளில் நான் தெளிந்துவிடவில்லை. மாத்திரையைத் துப்பிய நாள் உண்டு, உங்களையே போ என்று விரட்டிய நாளும் உண்டு. "போறேன், மொதல்ல இந்தக் கீரைய ஆய்ஞ்சு குடு" என்று என் முன்னால் கீரைக்கட்டை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நீங்கள் மூட முயன்றதே இல்லை. அது பேசிக்கொண்டிருக்க, அதைத் தாண்டி நடந்தீர்கள்.

போன வருஷம் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. அன்று ஊரெல்லாம் வந்தது. உங்களுக்கு நான் ஒப்பாரி வைக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் நீங்கள் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

இப்போது எங்கள் எதிர்வீட்டில் ஒருத்தர் இருக்கிறார். பெண்சாதி போன பிறகு தனி ஆள். ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டிகளை இந்த வாரம் ஒவ்வொரு வீடாகக் கொடுத்துவிட்டார். மனுஷன் தேறிவிட்டார் என்று தெரு சந்தோஷப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போய்க் கேட்கப்போகிறேன் என்றேன். நமக்கேன் வம்பு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகிவிடும் என்றார் இவர். எத்தனை வருஷமானாலும் அதே பாட்டு. என்னைக் கேட்டதால் அல்லவா நான் இந்த அடுப்படியில் நிற்கிறேன்? தூண்டிவிடுவது கேள்வி இல்லை. நாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான்.

சின்னவள், உங்கள் இடுப்பில் வளர்ந்தவள், இப்போது பத்தாவது படிக்கிறவள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது குண்டானை எட்டிப் பார்த்தாள். "எழவுச் சோறுன்னு நெனச்சுக்கப் போறாரும்மா."

"நெனச்சுக்கட்டும்" என்றேன்.

சோறு வடித்தாயிற்று. பருப்பும் கடைந்தாயிற்று. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை அக்கா, போகிறேன்.