சுவருக்குள் நின்ற லாரி

திருவண்ணாமலை,
20-11-84.

அன்புள்ள மகன் முருகையனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி சந்திரகலா, அவள் குழந்தை எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், சவுதியில், தம்மாமில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க அண்ணாமலையார் துணை. குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது, முகம் பார்த்துச் சிரிக்கிறாள், மூக்கு மட்டும் உன்னுடையது. அவள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள் என்று அப்பா உனக்கு எழுதினாரே, அது பொய். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். உண்மை தெரிந்தால் நீ வேலையைப் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் வந்து யாரையாவது வெட்டியிருப்பாய். செய்ய வேண்டியதை இப்போது நானே செய்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன், கோபப்படாமல் முழுதும் படி.

நம் சந்து முனையில் மாடி வீடு கட்டியிருக்கிறானே கடலை மண்டி வைத்து மல்லாட்டை வியாபாரம் பண்ணுகிற சக்கரபாணி, அவன் ஆனி மாதம் ஒரு லாரி வாங்கினான். மூட்டை ஜாஸ்தியாக ஏற்ற வேண்டும் என்று பின்பக்கத்தை நீட்டிக் கட்டிய லாரி. அவன் வீட்டு முன்னால் இரண்டு லாரி நிற்க இடம் இருக்கிறது, ஆனால் புதிதாக அடித்த மஞ்சள் பெயின்ட்டில் புகை படியுமாம், அதனால் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்திவிடுவான். லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே நான் குடத்தோடு ஒருக்களித்துத்தான் போய் வந்தேன். அப்பா இரண்டு தரம் நயமாகக் கேட்டார். ரோடு கவர்மெண்டுது, உங்க பாட்டன் வாங்கிப் போட்டதா என்று திருப்பிக் கேட்டான். அப்பாதான் உனக்குத் தெரியுமே, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்குச் சந்திரகலாவுக்கு வலி கண்டது. குதிரை வண்டி முனையோடு நின்றுவிட்டது, உள்ளே வர லாரி வழி விடவில்லை. அப்பா ஓடிப்போய்ச் சக்கரபாணி வீட்டுக் கதவைத் தட்டினார். தூங்கி எழுந்த முகத்தோடு வெளியே வந்தவன், டிரைவர் சினிமாவுக்குப் போயிருக்கான், சாவி அவன்கிட்ட, ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கினா என்னா, புள்ள என்ன உடனேவா பொறந்துடப் போவுது என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். நான்கு பேர் அவளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள். லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே கட்டில் நுழையவில்லை. லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள், அவளால் அதற்குமேல் முடியவில்லை. எதிர்வீட்டுப் பீபி ஜான் வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவந்து ஒரு பக்கம் பிடிக்க, நான் புடவைத் தலைப்பை மறுபக்கம் பிடிக்க, முனையில் ஆம்பிளைகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, டீசல் எண்ணெய் சிந்திய மண்ணில் உன் தங்கச்சி பிள்ளை பெற்றாள். என் பெண் வலியில்கூடக் கத்தவில்லையடா, வாயில் துணியைக் கடித்துக்கொண்டாள். அந்தத் துணியை நான் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் சக்கரபாணியோடு சண்டை போடவில்லை. பத்து நாள் கழித்துச் சிரித்த முகமாகப் போனேன். தம்பி, தெருவுல நிறுத்தினா பசங்க கண்ணாடியை ஒடச்சிடுவாங்க, எங்க காலி மனை சும்மாதான கெடக்கு, உள்ள விட்டுக்கோ என்றேன். அக்கா, நீங்கதான் மனுஷி என்று அன்றைக்கே லாரியை நம் மனைக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். ஐப்பசி நடுவில் குடும்பத்தோடு திருப்பதிக்கு மொட்டையடிக்கப் போனான், டிரைவருக்கும் லீவு. பஸ் கிளம்பியதும் கொத்தனார் சுப்பனை வரச் சொன்னேன். குளிக்கிற அறை கட்ட நீ வாங்கிப் போடச் சொன்ன செங்கல் இருந்ததே, அதை எடுத்து இரண்டே நாளில் மனையின் முன்பக்கம் முழுக்க ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டேன். மற்ற மூன்று பக்கமும் ஏற்கெனவே வீட்டுச் சுவர்கள். சுப்பன் ஒவ்வொரு வரிசை வைக்கும்போதும் எனக்குள் ஏதோ இறங்கியது. அப்பாவோ பயத்தில் வாசல் பக்கமே வரவில்லை.

மொட்டைத் தலையோடு வந்தவன் சுவரைப் பார்த்துவிட்டு, லாரி உள்ள இருக்குதே அக்கா என்றான். டிரைவர் வரட்டும் தம்பி, ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கோ என்றேன். அவன் முகம் மாறியதே, அதைப் பார்க்க நீ இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம். மறுநாள் ஏட்டைக் கூட்டிவந்தான். ஏட்டு பட்டாவை வாங்கிப் பார்த்தார், லாரியை உள்ள வுட்டது நீ, அவங்க மனையில அவங்க சுவர் வெச்சிருக்காங்க, கை வெச்சா உன் மேலதான் கேஸ் வரும் என்று சொல்லி, பீபி ஜான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். மல்லாட்டை பிடுங்குகிற நேரம் இது. கீழ்பென்னாத்தூரில் மூட்டை கட்டி வைத்திருந்தவர்கள் வேறு லாரியில் ஏற்றிவிட்டார்கள். பதினோராம் நாள் அவனும் அவன் மனைவி கஸ்தூரியும் வந்து, என்ன கேட்டாலும் கொடுக்கிறோம் என்றார்கள். காசு வேண்டாம், அதே கட்டிலில் என்னை உட்கார வைத்து நீயும் உன் ஆட்கள் மூன்று பேரும் முனைவரைக்கும் தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன். தெருவே வந்து நின்றது. அவன் முன்கால் பக்கம் பிடித்தான், வேர்த்து ஒழுகியது. குழந்தை பிறந்த இடத்தில் இறக்கச் சொன்னேன். அங்கே கஸ்தூரி திடீரென்று அழ ஆரம்பித்தாள். இன்னொரு சாவி அன்னிக்கு பீரோவுலதான் இருந்தது அக்கா, நான் எடுத்துக் குடுத்தேன், தூக்கம் கெட்ட கோவத்துல இவருதான் உள்ள வைடின்னாரு என்றாள். அன்றைக்கே சுவரை இடிக்கச் சொல்லிக் கடப்பாரையோடு சுப்பனை நிறுத்தியிருந்தேன். இதைக் கேட்டதும், வெள்ளிக்கிழமை வாப்பா என்று அவனை அனுப்பிவிட்டு, என்னை மறுபடி வீட்டுக்குத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை சுவரை இடித்தாயிற்று. பாட்டரி செத்துப்போய் ஆறு பேர் தள்ளித்தான் லாரி வெளியே வந்தது. இப்போது அவன் வீட்டு முன்னால்தான் நிற்கிறது, மஞ்சள் சுவரெல்லாம் கரி, காலையில் கோலம் போடும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். சந்திரகலா மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்னிக்கு அவன் என் மானத்தை வாங்கினான், எல்லாரும் மறந்துக்கினு வந்தப்ப நீ இன்னொரு தபா தெருவுல வெச்சிட்டியேம்மா என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் இன்னொரு முறை நேர்ந்தால் நான் அதையேதான் செய்வேன், பொய் சொல்ல மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தபால்காரர் உன் கவரைக் கொடுத்தார். உள்ளே போட்டோ, நீ ஓட்டுகிற பிக்கப் வண்டியில் சாய்ந்துகொண்டு நீ. நன்றாகத் தேறியிருக்கிறாய், கண் நிறைந்தது. அப்புறம் அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் ஒரு நீலக் கதவு, மேல் பாதிதான் தெரிகிறது. வண்டி படியை ஒட்டி நிற்கிறது. டயருக்குப் பக்கத்தில் சின்னக் குழந்தையின் செருப்பு ஒரு ஜோடி. யார் வீடு கண்ணு அது? உள்ளே எத்தனை பேர்? அவர்கள் எந்த வழியாக வெளியே வருகிறார்கள்? முதலாளி நிறுத்தச் சொன்னார் என்று எழுதாதே. போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்றார் அப்பா. நான் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வண்டி இல்லாமல் வேறொன்று எடுத்து அனுப்பு.

நீ நூறு வயது நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன்னால் ஒருவர் வயிறும் எரியக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ஜோதியம்மாள்