இரண்டு பக்கமும் சீவிய பென்சில்

10-2-97

இன்றும் அவர் ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்த கையோடு பென்சிலை இரண்டு பக்கமும் சீவிக்கொண்டு அந்த நோட்டை எடுத்தார். ஒரு பக்கம் எழுதினார், பைக்குள் வைத்தார், முடிந்தது. பட்டணத்துக் கம்பெனியில் மேனேஜருக்கு ஸ்டெனோ. நாள் பூரா இங்கிலீஷில் டிக்டேஷன் எடுத்தது போதாதா? ஸ்டெனோவுக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம், அந்தக் கோடுகளில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் குளிக்கப் போனபோது திறந்து பார்த்தேன். எல்லாம் கொக்கியும் வளைவும்தான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மேலே தேதியும் மணியும் மட்டும் எண்ணில் போட்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 9-2, காலை 7.40.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் குழாயில் தண்ணீர் வராமல், குழந்தை ரக்ஷா பாலைக் கொட்டி, நான் கத்தினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த எழுத்தை நான் படிக்க வேண்டும். கற்றுக்கொள்ளப் போகிறேன். அவரிடம் டைப்பிங் கிளாஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

14-2-97

சேர்ந்துவிட்டேன். கங்கைகொண்டான் மண்டபத்துக்குப் பக்கத்தில், பட்டுக்கடை மாடியில். நடத்துவது பெரியநாயகி மேடம். என் வயசுதான் இருக்கும், வாய் ஓயாது. வீட்டில் நாலு தறி ஓடுகிறதாம், "அந்தச் சத்தத்துக்கு இந்த டைப் மிஷின் சத்தமே தேவலைம்மா" என்கிறாள்.

ஷார்ட்ஹேண்ட் வேண்டும் என்றதும் எந்த முறை என்று கேட்டாள். நான் திருதிருவென்று விழித்தேன்.

"பிட்மன்லயே பழசு நியூ எரா. விதி ஜாஸ்தி, மனப்பாடம் ஜாஸ்தி, ஆனா பழகிட்டா கை பறக்கும். புதுசு டூ தவுசண்ட். பாதியைக் கழிச்சுட்டாங்க, சீக்கிரம் வந்துடும், வேகம் கொஞ்சம் மட்டு. இல்லாட்டி தமிழ்ச் சுருக்கெழுத்து இருக்குது. யோசிச்சுக்கினு நாளைக்குச் சொல்லும்மா."

அவர் கற்றது எது? அவரிடமே போய்க் கேட்க முடியுமா!

15-2-97

அதிர்ஷ்டம்தான். டிரங்குப் பெட்டியின் மேலேயே அவருடைய பழைய புத்தகம் கிடந்தது. நியூ எரா. அவர் பெயர், வருஷம், எல்லாம் போட்டிருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படாமல் எங்கே இருந்ததோ.

மேடத்திடம் நியூ எரா என்று சொல்லிவிட்டேன்.

8-3-97

மெல்லிசாகப் போட்டால் ஒரு எழுத்து, அழுத்திப் போட்டால் வேறு எழுத்து. உயிரெழுத்தையெல்லாம் விட்டுவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் எழுத வேண்டும், படிக்கிறவர் சதையை ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். கை வலிக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கும் என்று நினைக்கவே இல்லை.

ஜரிகை முறியாமல் இருக்க, கூறைப்புடவையை எடுத்துப் பழைய மடிப்பை மாற்றி மடித்தேன். இந்த டைரி அதற்குள்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியை அவர் தொடுவதில்லை.

சில நாள், ரக்ஷா தூங்கும்போது, பஸ் ஏறி எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கிறது. போக மாட்டேன். இருந்தாலும் இருக்கிறது.

2-4-97

இன்று அவர் நோட்டில் இரண்டு பக்கம்.

19-4-97

காலையில் அவர் செருப்பு மாட்டிக்கொண்டே, "கத்துக்கறதை இங்கிலீஷ்லயே நன்னா கத்துக்கோ. அதுக்குத்தான் மதிப்பு" என்றார். டைப்பிங்கைத்தான் சொல்கிறார். வேறு எதைச் சொல்வார்?

அப்புறம் திரும்பி நின்று ஒரு கேள்வி. "ரக்ஷா மட்டும் பொறக்காம இருந்தா நீ முன்னாடியே வேலைக்குப் போயிருப்பே, இல்லையா?"

"போயிருப்பேன். அதுக்கென்ன இப்போ?" என்றேன்.

சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

5-5-97

மூன்று மாதம் ஆகப்போகிறது. பாடப் புத்தகத்துக் கடிதங்களைத் தடங்கலில்லாமல் படிக்கிறேன். இன்று அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. கோடு கோடாகக் கூட்டினால் ப-ய-த-ம என்று என்னவோ வருகிறது. அப்படி இங்கிலீஷில் என்ன இருக்கிறது? நான் மக்கா?

9-2, 19-4 என்று தேதி போட்ட இரண்டு பக்கங்களை அப்படியே வரைந்துகொண்டேன். மேடத்திடம் காட்ட வேண்டும்.

7-5-97

நேற்றிலிருந்து நோட்டு பையில் இல்லை. பென்சில் மட்டும் இருக்கிறது.

12-5-97

கிளாஸில் எல்லோரும் போகும்வரை காத்திருந்து ஒரு வரியை மட்டும் காட்டினேன். மேடம் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இது இங்கிலீஷே இல்லம்மா! தமிழு. நீ நியூ எரா வெச்சுக்கினு ஆயுசுக்கும் படிச்சாலும் வராது." விரலை வைத்துக்கொண்டு மெல்லக் கூட்டிப் படித்தாள். "எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்... இந்த ஆத்துல இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். ஏதாச்சும் நாடகத்துக்கு டிக்டேஷனாம்மா?"

ஆமாம் என்றேன். பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு இறங்கிவந்தேன்.

13-5-97

அவர் ஆபீஸில் யாரும் தமிழில் டிக்டேஷன் கொடுப்பதில்லை. அப்படியென்றால் அது யார் பேசிய தமிழ்?

என் தமிழ். தண்ணீர் வராத அன்றைக்கு நான் கத்தியது. என் வாயிலிருந்து விழுவதைத்தான் தினமும் உட்கார்ந்து எழுதுகிறார். எதற்கு? யாரிடம் காட்ட?

இன்றே தமிழுக்கு மாறிவிட்டேன்.

20-5-97

கருட சேவைக்குப் பட்டுப்புடவை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். கூறைப்புடவை பழைய மடிப்பிலேயே இருக்கிறது. நான் மாற்றித்தானே மடித்தேன்? டைரி எடுக்கும் அவசரத்தில் நானே பழைய வாக்கில் மடித்துவிட்டேனோ? பட்டு நெய்கிற இந்த ஊரில் பிறந்த எனக்கா புடவை மடிப்பில் கை தவறும்?

இப்போதெல்லாம் எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை என்று எனக்கே சந்தேகம் வருகிறது. பயமாக இருக்கிறது.

21-5-97

"ஜூன் மாசத்தோட கிளாஸை நிறுத்திடு. உனக்கு ரெஸ்ட் வேணும். சமீப காலமா நீ சரியா இல்லே" என்றார். ரொம்ப அன்பாகச் சொன்னார்.

ஐந்து வாரம் இருக்கிறது.

9-6-97

மேடம் மத்தியானமும் வரச் சொல்லிவிட்டாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்கவில்லை. "நீ அழுதுக்கினே எழுதறே. பேப்பர் நனைஞ்சா கோடு அழிஞ்சுடும், பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

27-6-97

வரைந்து வைத்திருந்த இரண்டு பக்கங்களையும் இன்று கிளாஸிலேயே உட்கார்ந்து முழுசாகப் படித்தேன்.

எல்லாம் நான் சொன்னது. "ரக்ஷா பொறக்காம இருந்தா வேலைக்குப் போயிருப்பேன்." அவர் கேட்ட கேள்வி அதில் இல்லை. என்னைச் சீண்டியது எதுவுமே இல்லை. நான் ஒருத்தி மட்டும் தனியாகச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'வக்கீல் — குழந்தை யாரிடம் — இது போதுமா?'

என் குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார். எனக்குப் பைத்தியம் என்று சொல்லி.

இரண்டாம் பக்கத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது. 8-3 என்று தேதி போட்டு. அது

28-6-97

வெந்தயக் குழம்பு, அப்பளம். நேற்று உடம்பு சரியில்லாமல் கண்டதையும் எழுதிவிட்டேன். எனக்கு அந்த எழுத்து ஒன்றும் சரியாகப் படிக்க வராது. அவருக்கு என்மேல் எவ்வளவு அக்கறை.

29-6-97

மூவரும் கோயிலுக்குப் போய்வந்தோம். மனசு நிம்மதியாக இருக்கிறது.

30-6-97

கிளாஸை நிறுத்திவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி.

1-7-97

எல்லாம் நன்றாக இருக்கிறது.

6-7-97, செவிலிமேடு

இனிமேல் இந்த டைரியில் உண்மையை எழுதலாம். பத்திரமாக என் பையில் இருக்கிறது.

8-3 என்ற தேதிக்குக் கீழே அந்த நோட்டில் இருந்தது இதுதான்: 'பஸ் ஏறி எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கிறது.' அதை நான் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்தான் எழுதினேன். அடுத்த வரி, போக மாட்டேன் என்றது, அதை அவர் எடுக்கவில்லை.

முதல் நாளிலிருந்து படித்திருக்கிறார். நான் கற்கப் போகிறேன் என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அந்தப் புத்தகத்தைப் பெட்டியின் மேல் எடுத்துப் போட்டிருக்கிறார். எந்த முறை என்று நான் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்! வரைந்துகொண்டேன் என்று எழுதிய மறுநாளே நோட்டு பையிலிருந்து போனது. புடவை மடிப்பும் அவர் கைதான். பிரித்துப் படித்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் பழைய கோட்டிலேயே மடித்து வைத்திருக்கிறார். மாற்றி மடித்ததை நான் எழுதியிருந்தும், அவர் கைக்கு ஆழமாகப் பதிந்த பழைய கோடுதான் தெரிந்திருக்கிறது.

அதனால்தான் நாலு நாள் அவருக்காக எழுதினேன். படித்துச் சந்தோஷப்பட்டிருப்பார். புதன்கிழமை அவர் பஸ் ஏறியதும் ரக்ஷாவைத் தூக்கிக்கொண்டு அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டேன். யதிராஜன் அண்ணா ஒரு கேள்வி கேட்கவில்லை. "வத்ஸு, முதல்ல சாப்பிடு" என்றான்.

இன்று காலை அவர் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "எத்தனை நாள் இப்படி? குழந்தையை அனுப்பு. இல்லேன்னா கோர்ட்டுல உன்னைப் பைத்தியம்னு நிரூபிச்சுடுவேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். என் கிளாஸ் நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு, மேலே 6-7, காலை 9.15 என்று போட்டு, அவர் சொன்னதைத் தமிழில் எடுத்தேன். அப்புறம் நான் கேட்ட கேள்வியையும் எழுதினேன். "யார் நிரூபிக்கப் போறா?"

கோடு சரியாக விழுந்தது. அவர் கேட்டின் மேலாக எட்டிப் பார்த்தார். தலைகீழாக இருந்தும் படித்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"மேலே சொல்லுங்கோ" என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

நாளை வக்கீலைப் பார்க்க வேண்டும். பென்சில் முனை தேய்ந்துவிட்டது, மறுபக்கம் இருக்கிறது.