அதைத் தவிர எல்லாம்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: மாத்திரை வேளை தவறவில்லை, வெளியே போனால் முகக்கவசம் உண்டு. மாற்று இதயத்தோடு ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். படி ஏறினால் உடனே வேகம் எடுப்பதில்லை. என்னிடம் முதல் நாள் கார் பழக வருகிறவர்களைப் போல, யோசித்து யோசித்துத்தான் கிளம்புகிறது.

டிரைவிங் ஸ்கூலில் மறுபடி முழு நேரம் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமைகளில் லைசென்ஸ் அலுவலகத்தில் காத்திருப்பவர்களிடம் உறுப்பு தானம் பற்றிப் பேசுகிறேன். எழுந்து போனால் வரிசை போய்விடும் என்பதால் கேட்கிறார்கள். போன வாரம் ஒருவர், "யாரோட இதயம்மா அது?" என்றார். "தெரியாதுங்க. அந்த வீட்டுக்காரங்க சரின்னு சொன்னாங்க. அது மட்டும்தான் தெரியும்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நீ என்னை மிரட்டிச் சாப்பிட வைத்ததையும் அவர்களிடம் சொல்வதுண்டு.

உன் வாலு


மார்ச் 2

அன்புள்ள வாலுவுக்கு,

நீ நன்றாக இருப்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியும். ஆனால் உன் மாமா அங்கே வேலையாக வந்தபோது உன் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தான அட்டையை நீட்டி, "நான் போனா நாலு பேருக்கு ஸ்பேர் பார்ட்ஸ்" என்கிறார். எலக்ட்ரீஷியன் புத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் ஏணி ஏறுகிற மனுஷன்.

ஊருக்குச் சொல். என் வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை நான் கேட்கவில்லை. வரிசையில் கடைசியாக நின்று வாங்கிக்கொண்டு போனார். "அக்கா திட்டுவா மாமா" என்றதற்கு, "அவ எதுக்குத்தான் திட்டல" என்றார். அட்டையைத் தூக்கிப் போடச் சொல், நான் எதுவும் நினைக்க மாட்டேன். பதில் மட்டும் எழுது.

வாலு


ஆகஸ்ட் 20

வாலு,

இத்தனை மாதமாக உனக்கு எழுதாமல் இருந்துவிட்டேன். மாமா ஏணியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்த செய்தி வந்தபோது, நீ காய்ச்சலோடு வார்டில் இருந்தாய். டாக்டர்கள் உன்னை அனுப்பவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நடந்ததை நானே சொல்ல வேண்டும்.

மூளை செத்துவிட்டது, இனி மிஷின்தான் மூச்சுவிடுகிறது என்றார்கள். இரண்டு முறை சோதித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து, தணிந்த குரலில் தானம் பற்றிக் கேட்டாள். அவர் தம்பி, "வேணாம் அண்ணி, முழுசாப் போகட்டும்" என்றார். நான், "அவரு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. குடுத்துடலாம்" என்றேன்.

சிறுநீரகம், கல்லீரல், கண் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இதயத்துக்கு மட்டும் தலையாட்ட முடியவில்லை. மார்பில் கை வைத்திருந்தேன். துடித்துக்கொண்டிருந்தது. "இதை மட்டும் விட்டுடுங்க" என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை.

யாரோ கொடுத்த இதயத்தை வாங்கிப் பிழைத்தவள் நீ. ஊர் முழுக்கக் கேட்கிறவள் நீ. உன் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் தெரியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன் கடிதம் கதவடியில் கிடந்தது.

மறைக்காமல் சொல்கிறேன், படித்ததும் கோபம் வந்தது. எனக்குப் பக்கத்துப் படுக்கையில் இதயத்துக்குக் காத்திருந்து, கிடைக்காமலே போன பெண்ணை நினைத்துக்கொண்டேன். பிறகு நீ கை வைத்திருந்த இடத்துக்கே மறுபடி மறுபடி போய் நின்றேன். எனக்குக் கொடுத்த வீட்டிலும் யாரோ ஒருவர் அப்படிக் கை வைத்திருப்பார், அக்கா. துடிப்பது தெரிந்தே கையை எடுத்திருப்பார். சனிக்கிழமைப் பேச்சில் நான் அவர்களைப் 'பெரிய மனசு' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். இனி அப்படி முடிக்க வாய் வராது.

மாமாவால் யாரோ இப்போது டயாலிசிஸ் இல்லாமல் வீட்டில் இருக்கிறார். யாருக்கோ கண் தெரிகிறது. அதைச் செய்தவள் நீ. மீதிக்கு நீ எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். முகக்கவசம் போட்டிருப்பேன். யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ கதவைத் திறந்ததும் அதை மீறப்போகிறேன்.

உன் வாலு