என் பக்கத்து பிரேக்

ஜூன் 3, செவ்வாய்

இன்று மட்டும் பதினோரு முறை மிதித்துவிட்டேன். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு மட்டும். எனக்கோ தெருநாய் வாலை ஆட்டினாலே ஆபத்துதான். ஏப்ரலில் என்னிடம் பழகிய ஒருவர், நான் பக்கத்தில் இருக்கும்போதே, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சுவரில் மோதினாரே, அன்றிலிருந்து இப்படி. யாருக்கும் அடி இல்லை. என் காலுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

நானே மிதித்தால் பழகுகிறவர் எப்போது மிதிப்பார்? என்னிடம் கற்ற இரண்டு பேர் அடுத்தடுத்து டெஸ்ட்டில் ஃபெயில். "மூணாவது ஆளும் போச்சுன்னா நீங்க ஆபீஸ்லயே உக்காந்து ஃபார்ம் நிரப்புங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்கு ஃபார்ம்!

அந்த மூன்றாவது ஆள் ஒரு பல் டாக்டர் அம்மா. ஊரார் பல்லைக் கண் இமைக்காமல் பிடுங்குகிறவருக்கு, சாவியைத் திருப்பக் கை நடுங்குகிறது. நல்ல ஜோடி.

ஜூன் 6

சாப்பிடும்போது மேஜைக்கு அடியில் கால் தானாக அழுந்தியது. "அது என் கால்" என்றார் வீட்டுக்காரர்.

ஜூன் 9

பயம் வந்தால் பத்து வரை எண்ணி மூச்சு விட வேண்டும் என்று எங்கோ படித்தேன். இன்று காரில் சத்தமாகவே எண்ணினேன். ஆறு எண்ணுவதற்குள் நாற்சந்தியில் பஸ் வந்துவிட்டது. ஏழில் மிதித்தேன்.

"நல்லவேளை, நூறு வரைக்கும் எண்ணச் சொல்லல" என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாத இடத்தில் மிதிக்கிறேன், வேண்டிய இடத்தில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் — என்னதான் ஆச்சு எனக்கு?

ஜூன் 10

குளியலறையில் அழுதேன். பாரம் குறைந்தது. ஆனால் காரில் அழ முடியாதே.

ஜூன் 12

பயந்து நடுங்கும் நோயாளிகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று டாக்டரிடமே கேட்டேன்.

"அது ஆளைப் பொறுத்து. சிலர்கிட்ட பேசிக்கிட்டே இருப்பேன். சிலர்கிட்ட வாயே திறக்க மாட்டேன். அதே ஆளுக்கு ஊசி போடறப்ப ஒரு வழி, பிடுங்கறப்ப வேற வழி."

நான் எல்லாப் பூட்டையும் ஒரே சாவியால் குடைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 16

காலி மைதானத்தில் வாய்விட்டே சொன்னேன்: "எனக்குப் பயமா இருக்கு டாக்டர்." "எனக்கும்தான், இறங்கிடலாமா?" சிரித்ததில் கால் சும்மா கிடந்தது. நாற்சந்தியில் பேச்சே இல்லை. அடுத்த வண்டிக்கு எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பார்த்தேன். மேட்டில் கார் லேசாகப் பின்னால் உருண்டபோது, 'அந்தச் சுவர் வேறு, இந்த மேடு வேறு' என்று மனதுக்குச் சொன்னேன்.

சைக்கிள்காரர் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்தார். உடனே மிதித்தேன். அது பயம் இல்லை, என் வேலை. இன்றைய கணக்கு அந்த ஒன்றுதான்!

ஜூன் 19

எல்லார் முன்னாலும் முதலாளி என்னை 'பிரேக்கம்மா' என்றார். பத்து வரை எண்ணவும் இல்லை, மூச்சை இழுத்து விடவும் இல்லை. "அப்படிக் கூப்பிடாதீங்க சார்" என்றேன். "சரிம்மா" என்றார். இவ்வளவுதானா?

ஜூன் 24

டெஸ்ட். என் சீட்டில் அதிகாரி. நான் வேலிக்கு வெளியே, கையில் டாக்டரின் செருப்பு. வெறுங்காலில் ஓட்டினால்தான் அவருக்குத் தைரியமாம்.

மேட்டின் நடுவே எஞ்சின் நின்றது. பின்னால் டெஸ்ட்டுக்குக் காத்திருந்த வண்டிகளின் ஹாரன் மேல் ஹாரன். இங்கே நான் மிதிக்க ஒன்றும் இல்லை. பயப்படட்டும் என்று மனதை விட்டுவிட்டேன். டாக்டர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், மறுபடி ஸ்டார்ட் செய்தார், ஏறிவிட்டார்! அதிகாரி ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

பாஸ்! டாக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். நான் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.

"பாஸ் ஆனதுக்கு எதுக்கும்மா அழுவுறீங்க?" என்றார் டெஸ்ட் பார்க்க வந்திருந்த முதலாளி.

"இது அழற நேரம் சார். அதான் அழறேன்."

ஜூலை 1

முதலாளி என் பட்டியலில் புதிதாக நாலு பேரைச் சேர்த்திருக்கிறார். "எல்லாம் டாக்டர் அனுப்பின ஆளுங்க. நாலு பேருமே சரியான பயந்தாங்கொள்ளியாம், பரவாயில்லையா?" என்று தயங்கிக் கேட்டார்.

"அப்ப நம்ம ஆளுங்கதான் சார், வரச் சொல்லுங்க" என்றேன்.